லீட்: தமிழில் கலைப்பாடல்

ஜெர்மன் மொழியில் ‘லீட்’ என்றால் பாட்டு. பழைய வடிவம் ‘லியோட்’. நிபெலுங்கன்லீட் என்ற நடுக்காலக் காப்பியத்தின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் மக்கள் வாய்வழிப் பாட்டை ‘ஃபோல்க்ஸ்லீட்’ என்றார், நம் நாட்டுப்பாடல். அதிலிருந்து பிரித்துக்காட்ட வந்த சொல் ‘குன்ஸ்ட்லீட்’. ‘குன்ஸ்ட்’ என்றால் கலை. ‘கலைப்பாடல்’ என்ற தமிழாக்கம் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

கவிஞர் எழுதிய கவிதையை இசையமைப்பாளர் ஒருவர் எடுத்து, ஒரு குரலுக்கும் பியானோவுக்குமாக அமைப்பதே லீட். பியானோ வெறும் பக்கவாத்தியம் அன்று. 1814இல், 17 வயதில், இசையமைப்பாளர் ஷூபர்ட் ஜெர்மன் கவிஞர் கோதேயின் வரிகளுக்கு இசையமைத்தார்: இராட்டையில் நூற்கும் பெண்ணின் பாட்டு அது. பியானோவில் இராட்டை சுழல்கிறது. காதலனின் முத்தம் நினைவுக்கு வந்ததும் சுழற்சி நின்றுவிடுகிறது, பிறகு தயங்கித் தயங்கித் தொடங்குகிறது. இந்த ஓரிடத்தைக் கேட்டாலே லீட் என்ன என்பது விளங்கிவிடும்.

இந்த வடிவம் ஜெர்மானியரோடு நிற்கவில்லை. பிரிட்டனின் இசையமைப்பாளர் பெர்னர்ஸ் பிரபு (1883–1950) கான்ஸ்டாண்டிநோபிளிலும் (இன்றைய இஸ்தான்புல்) ரோமிலும் தூதரகங்களில் பணியாற்றியவர். அக்காலத்தில் ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் மூன்று கவிதைகளுக்கு ஜெர்மன் பாணியில் இசையமைத்தார். அதில் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது: ‘விசுவாமித்திர அரசன்’. வசிட்டரின் பசுவுக்காக ஓயாமல் போரிட்டுத் தவமும் கிடக்கிறான் அரசன். ஒரு பசுவுக்காகவா இத்தனை பாடு, நீ எப்பேர்ப்பட்ட எருது என்கிறார் கவிஞர். நாம் ‘எருமை’ என்று திட்டுவதுபோல ஜெர்மனில் எருது மடையனைக் குறிக்கும். காமதேனுவின் கதை ஜெர்மன் கவிதையாகி, ஆங்கிலேயத் தூதரக அதிகாரி ஒருவர் கையில் பாட்டாகியிருக்கிறது!

பாலே இசைக்காகவும் விசித்திரப் பழக்கங்களுக்காகவுமே பெர்னர்ஸ் பேசப்பட்டார். பாடல்கள் ஒதுங்கிக் கிடந்தன. பின்னாளில் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் பீட்டர் டிக்கின்சன் அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்து மீண்டும் பாடகர்களிடம் சேர்த்தார்.

தமிழில் எப்படி எழுதுவது? ‘மெல்லிசை’ வேறு வகைக்குப் பெயராகிவிட்டது. ‘தனிப்பாடல்’ இலக்கியத்தில் முன்பே இடம்பிடித்த சொல். ‘கீர்த்தனை’யில் பெரும்பாலும் சொல்லும் இசையும் ஒருவருடையவை, ஆகவே அதுவும் ஒத்துவராது. கலைப்பாடல் என்பதே சரி. ஜெர்மன் பன்மையை ‘லீடர்’ என்று எழுதினால் தலைவர் என்றுதான் படிப்பார்கள். கலைப்பாடல்கள் என்றே எழுதலாம்.

பாட்டும் இசையும் இருவருடையவை என்று குறிக்கும் மரபு நம்மிடம் பரிபாடலிலேயே உண்டு. ‘கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை’ என்று பாடலின் அடியில் இருவர் பெயரையும் தந்து, பண்ணையும் சொல்லியிருக்கிறார்கள். கச்சேரி அறிவிப்பிலும் இசைத்தட்டு உறையிலும் கலைப்பாடலுக்கு அதே முறையைக் கையாளலாம்: ஹைனே பாட்டு, பெர்னர்ஸ் இசை.