கட்டுச்சோற்றில் சூடு கிடையாது

ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் கொண்டுபோனாலும் பசியால் சாவதில்லை. அடைவைத்த 21ஆம் நாள் முட்டை ஓட்டை உடைத்து வருவதற்குச் சற்று முன், மிச்சமிருக்கும் மஞ்சள் கரு தொப்புள் வழியாக அதன் வயிற்றுக்குள் போய்விடும். இரண்டு மூன்று நாளைக்கு அதுதான் கட்டுச்சோறு. ஆனால் சூட்டை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு வெளியேறாமல் இறகு பிடித்துவைக்கும். குஞ்சுக்கு இருப்பதோ மெல்லிய தூவி மட்டும். உடலும் சிறியது, எடைக்கு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம். அண்டாவில் இருக்கும் டீயைவிட டம்ளரில் ஊற்றிய டீ சீக்கிரம் ஆறிப்போகிறதே, அதே கதைதான். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். மெஷினில் பொரித்த குஞ்சுக்கு புரூடர்தான் தாய்.

வட்டமாக வளைத்த தகடு, மேலே குண்டு பல்பு, தரையில் உமி, குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்னாமலிருக்க முதல் சில நாள் மேலே செய்தித்தாள். அவ்வளவுதான் புரூடர். தகடு வட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மூலை இருந்தால் குளிரிலும் பயத்திலும் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியது மூச்சுத் திணறிச் சாகும். கரண்ட் மிச்சம் என்று எல்இடி பல்பு மாட்டிவிடாதீர்கள், அதில் போதிய சூடு வராது. மின்சாரத்தைச் சூடாக மாற்றி வீணடிக்கிறது என்று வீட்டைவிட்டு விரட்டிய குண்டு பல்புக்கு இங்கேதான் மரியாதை.

முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் சுமார் 35 டிகிரி. அப்புறம் இறகு முளைக்க முளைக்க வாரம் மூன்று டிகிரி குறைக்கலாம். சித்திரை வெயிலில் பகலில் பல்பே தேவைப்படாது. தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கடியில் குவிந்து கீச்சென்று கத்தினால் குளிர். தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒண்டினால் எதிர்ப்பக்கம் காற்று புகுகிறது. பரவலாகப் படுத்து மெல்ல முனகினால் சரி.

குளிரில் ஒடுங்கிய குஞ்சு தீவனத்துக்கோ தண்ணீருக்கோ நகராது. கட்டுச்சோறு இருக்கும்வரை நன்றாக இருப்பதுபோலவே தெரியும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ செத்து விழும்போது குஞ்சு கொடுத்தவரைத் திட்டுவோம். அதனால் பெட்டி வருவதற்கு முன்பே பல்பைப் போட்டுத் தரையைச் சூடாக்கிவிடுங்கள். வந்ததும் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் ஒருமுறை நனைத்து, குடித்ததைப் பார்த்த பிறகு உள்ளே விடுங்கள்.