கறுத்த இரும்பின் ஒளி

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கம்மாலையில் தாக்கத்தி அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உலையிலிருந்து மஞ்சளாக வந்த இரும்பு சிவந்தது, பிறகு கறுத்தது. ஆறிவிட்டதென்று நினைத்துக் கையை அருகே கொண்டுபோனேன். தொடுமுன்பே உள்ளங்கை சுட்டது. ஏறக்குறைய 500 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிய இரும்பு கண்ணுக்குக் கறுப்பு. ஆனாலும் அது ஒளிவீசிக்கொண்டேதான் இருக்கிறது. அந்த ஒளியைத் தோல் அறிகிறது. சிவப்புக்கும் அப்பால் உள்ள இதுவே அகச்சிவப்பு. 1800இல் வானியலாளர் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, சிவப்புக்கு வெளியே ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அது ஏறியது.

வானத்திலும் இப்படிக் கறுத்துக் கிடப்பவை ஏராளம். ஆனால் கல்லடிக் கடற்கரையில் எவ்வளவு பெரிய தொலைகாட்டியை நிறுத்தினாலும் பயனில்லை. இரவிலும் எங்களைப் புழுங்க வைக்கும் நீராவி அந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். போதாததற்குச் சூடான காற்றும் தொலைகாட்டியுமே அகச்சிவப்பில் ஒளிரும். அதனால்தான் 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்தொலைகாட்டி, 6.5 மீற்றர் பொன்பூச்சு ஆடியோடு, பூமிக்கு 15 இலட்சம் கிலோமீற்றர் அப்பால், ஐந்து படைத் திரையின் நிழலில், பூச்சியத்துக்குக் கீழே 230 பாகை அளவுக்குக் குளிர்ந்து கிடக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனித்தான். இங்கே பார்வையை மறைக்கும் அதே விழுங்கல்தான் அங்கே எழுத்தாகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று ஒரு தாளத்தில் நீண்டு, வளைந்து அதிரும்; அந்தத் தாளத்துக்குப் பொருந்தும் அலைநீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். காபனீரொட்சைட்டு 4.3 மைக்ரோமீற்றர் ஒளியை அப்படி எடுக்கும். ஒரு கோள் தன் நட்சத்திரத்தைக் கடக்கும்போது, நட்சத்திர ஒளியில் சிறு துளி கோளின் விளிம்புக் காற்றுக்குள்ளால் வடிந்து வருகிறது. 2022இல், ஏறத்தாழ 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாஸ்ப்-39பி கோளைக் கடந்து வந்த ஒளியில் அந்த 4.3இல் ஒரு பள்ளம் இருந்தது. நேரில் படம்பிடிக்கப்படாத ஒரு கோளின் காற்றில் என்ன இருக்கிறதென்று அதிலிருந்து தெரிந்தது.

பேரடைகள் எனப்படும் மாபெரும் நட்சத்திரத் தொகுதிகளில், தொலைதூரத்தில் உள்ளவற்றின் கதை வேறு. அவை சூடான இளம் நட்சத்திரங்களின் புறஊதா ஒளியையே அனுப்பின. வழியில் அண்டவெளி தானே விரிந்ததால் ஒளி அலையும் நீண்டு அகச்சிவப்பாகிவிட்டது. 2024இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற பேரடையின் ஒளி, பெருவெடிப்புக்குப் பின் 30 கோடி ஆண்டு நிறைவதற்கு முன்பே புறப்பட்டது. நீண்டது ஏறக்குறைய 15 மடங்கு. இங்கேயும் ஒரு விழுங்கல் உண்டு. அக்காலத்து ஐதரசன், 0.12 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த ஒளியை விட்டுவைக்கவில்லை. அந்த வெட்டு இப்போது சுமார் 1.8இல் விழுகிறது. அது எங்கே விழுகிறதென்று அளந்துதான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள்.