மேனிஃபோல்டுக்குக் கண்ணாடிப் பளபளப்பு தேவையில்லை

எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டை வீட்டிலேயே கழற்றி, உட்புறத்தை முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து மாட்டிவிட்டு, "வண்டி முன்பு மாதிரி இழுக்கவில்லை" என்று பட்டறைக்கு வரும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களின் ஆர்வம் எனக்குப் பிடிக்கும். அந்த உழைப்பு வேண்டாத இடத்தில் செலவாவதுதான் வருத்தம்.

பழைய மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலும் காற்றும் கலந்தே மேனிஃபோல்டுக்குள் போகின்றன. சுவர் வழவழப்பாக இருந்தால் பெட்ரோல் அதில் படிந்து திரவமாக வழியும். சற்றுச் சொரசொரப்பு இருந்தால் அது எளிதில் காற்றோடு மீண்டும் கலக்கும். 80-ஆம் எண் உப்புத்தாள் விடும் சொரசொரப்பே போதும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் பீய்ச்சத் தனி இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பெட்ரோல் வால்வுக்கு அருகே பீய்ச்சப்படுவதால் இந்தத் தொல்லை குறைவு. பளபளப்பால் வரும் லாபமும் குறைவுதான். பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் என்றால் தொடவே வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வார்ப்புப் பிசிறையும், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டோடு சேரும் வாயையும்தான். பலரும் இரண்டுக்கும் இடையே வைக்கும் கேஸ்கட்டின் துளையை எல்லையாக வைத்துக் குடைகிறார்கள். அந்தத் துளை பெரும்பாலும் ஹெட்டின் வாயைவிடப் பெரிதாகவே இருக்கும். மேனிஃபோல்டின் வாய் ஹெட்டின் வாயைத் தாண்டி அகன்றுவிட்டால், வருகிற காற்று ஹெட்டின் விளிம்பில் போய் முட்டும். ஆகவே ஹெட்டின் வாயை அளந்து, மேனிஃபோல்டின் முகத்தில் நீல மை பூசி, கூர்முனையால் கோடு கீறி, கோட்டுக்கு உள்ளேயே நில்லுங்கள். மேனிஃபோல்ட் ஒரு மயிரிழை சிறிதாக இருந்தால் பாதகமில்லை. குழாய் முழுவதையும் அகலப்படுத்தினால் காற்றின் வேகம் குறைந்து, குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும். நகர நெரிசலில் ஓட்டுபவருக்குத் தேவையானதே அந்த இழுவைதான்.

நான் உண்மையில் அஞ்சுவது அலுமினியத் தூளுக்கு. மேனிஃபோல்ட் வண்டியில் இருக்கும்போது கிரைண்டரை அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். அப்படி வேலை செய்த ஒரு எஞ்சினைப் பிரித்தபோது, சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படும் கீறல்கள். பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் வெள்ளிப் பொடி. செலவு மேனிஃபோல்டோடு நிற்கவில்லை, சிலிண்டரைக் குடைந்து எஞ்சினையே போர் செய்ய வேண்டியதாயிற்று. கழற்றியதும் ஹெட்டின் வாய்களைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு கலந்த சுடுநீரில் நீளத் தூரிகை விட்டுக் கழுவி, கம்ப்ரெஷர் காற்றால் ஊதி, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடியும் கழுவுங்கள்.

கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் கிரைண்டரை எடுக்காதீர்கள். இன்ஜெக்டர் குழாயைக் கழற்றும் முன் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகு பேட்டரி இணைப்பை நீக்குங்கள். இல்லையென்றால் அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் முகத்தில் அடிக்கும்.

மாட்டும்போது புதிய கேஸ்கட் போடுங்கள். நடு போல்ட்டில் தொடங்கி இரு பக்கமும் மாற்றி மாற்றி, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஐட்லிங் ஏறி இறங்கினாலோ, இணைப்பருகே 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டாலோ உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, மேனிஃபோல்டின் முகம் மட்டமாக இருக்கிறதா என்று நேர்விளிம்பும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் அதிகமாக முறுக்கிச் சரிசெய்ய முயலாமல், லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.