எந்த ஸ்கேனர் வாங்கலாம், சித்தப்பா?

என் அண்ணன் மகள் கலிஃபோர்னியாவின் வடபகுதியில், மலையடிவார ஊர் ஒன்றில் குடியிருக்கிறாள். கோடை முடிந்து காய்ந்த காற்று வீசத் தொடங்கிவிட்டால் அங்கே எல்லாருக்கும் ஒரு கண் மலைமேல்தான். போன வருடம் ஓர் இரவு திடீரென்று புகை வாடை. எங்கே எரிகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் வாக்கிடாக்கி போன்ற ஒன்றைக் காதருகே வைத்தபடி வாசலில் நின்றிருக்கிறார். "மலைக்கு அந்தப் பக்கம்தான். வண்டிகள் போய்ச் சேர்ந்துவிட்டன" என்றாராம். அது ஸ்கேனர், தீயணைப்பு, காவல் துறைகளின் வானொலிப் பேச்சைத் தேடிப்பிடித்துக் கேட்கும் கருவி. மறுநாளே எனக்கு அழைப்பு வந்துவிட்டது.

"சித்தப்பா, நானும் ஒன்று வாங்கணும். எது நல்லது? தீபாவளிக்கு வரும்போது உங்களுக்கும் ஒன்று கொண்டு வரட்டுமா?"

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன்: வேண்டாம்மா, பெட்டியில் வைத்துவிடாதே. சிங்கப்பூரில் ஸ்கேனர் தடைசெய்யப்பட்ட பொருள். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தடைப்பட்டியலில் ராணுவத் தொடர்புக் கருவிகள், தொலைபேசியில் குரலை மாற்றும் கருவிகள், அலையை முடக்கும் ஜாமர்கள் ஆகியவற்றோடு ஸ்கேனரும் இருக்கிறது. சாங்கி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் "சும்மா கேட்கத்தான்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

முதல் கேள்விக்குப் பதில் அவ்வளவு சுருக்கமில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் கப்பல் பட்டறைகளில் ரேடியோக்களைத் திறந்து பழுது பார்த்தவன் நான். எந்தக் கருவி நல்லது என்று யாராவது கேட்டால், அது உள்ளே என்ன செய்கிறது என்பதைச் சொல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது. அதனால் அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நம் வீட்டு வானொலியிலிருந்தே தொடங்கலாம். நீங்கள் ஒலி 96.8 வைக்கும்போது, புக்கிட் பாத்தோக் கோபுரத்திலிருந்து வரும் 96.8 மெகாஹெர்ட்ஸ் அலையை வானொலி அப்படியே கையாள்வதில்லை. தனக்குள்ளேயே இன்னோர் அலையை உண்டாக்குகிறது. வழக்கமான எஃப்எம் பெட்டிகளில் அது 107.5 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் கலந்தால் வித்தியாசமாக 10.7 கிடைக்கும். நிலையத்தை மாற்றினால் உள்ளே பிறக்கும் அலையும் கூடவே மாறும், ஆனால் வித்தியாசம் எப்போதும் அதே 10.7தான். எந்த நிலையமாக இருந்தாலும் அந்த ஓர் எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டால், வடிகட்டிகளையும் பெருக்கிகளையும் அந்த ஓர் எண்ணுக்காகவே கூர்மையாகச் செய்துகொள்ளலாம். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918ல் கண்ட வழி இது. நூறாண்டு கடந்தும் எண்ணற்ற ரேடியோக்கள் இந்த வழியில்தான் நடக்கின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 107.5லிருந்து மேல்பக்கமாக 10.7 தள்ளி, 118.2ல் ஓர் அலை வந்தாலும் வித்தியாசம் அதே 10.7தானே? விமானிகள் பேசும் பகுதி 118லிருந்து 137 வரை. மலிவான வானொலிகளில் பாட்டுக்கு நடுவே எப்போதாவது கரகரவென்று வேற்றுக் குரல் ஒன்று நுழைவதற்கு இது ஒரு காரணம். இதைப் பிம்ப அலை என்போம். நல்ல கருவிக்கும் மலிவான கருவிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு, இந்தப் பிம்பத்தை வாசலிலேயே தடுக்கும் வடிகட்டியில்தான் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சடித்த அம்சங்களில் அது தெரியாது.

ஸ்கேனர் என்பது உள்ளே பிறக்கும் அலையைக் கணநேரத்தில் மாற்றத் தெரிந்த வானொலி. அவ்வளவுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தைக் காசு கொடுத்து வாங்கிச் செருக வேண்டும். இப்போது சிறு சில்லு ஒன்று எந்த அலைவரிசையையும் நொடிக்குப் பல தடவை மாற்றி மாற்றி உண்டாக்குகிறது. சேனல் ஒன்றில் யாரும் இல்லையா, அடுத்தது. அங்கும் இல்லையா, அதற்கடுத்தது. யாராவது பேசினால் நிற்கும். பேச்சு முடிந்ததும் உடனே ஓடிவிடாமல் ஓரிரு நொடி காத்திருக்கும், ஏனென்றால் கேள்விக்குப் பின்னால் பதில் வருமே.

யாரும் இல்லை என்று அதற்கு எப்படித் தெரிகிறது? எஃப்எம் ரேடியோவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள், உஸ்ஸென்று பெரிய இரைச்சல். நிலையம் ஒன்று வந்ததும் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கும். ஸ்குவெல்ச் என்ற மின்சுற்று, மனிதக் குரலுக்கு மேலே உள்ள கீச்சென்ற பகுதியில் அந்த இரைச்சலை மட்டும் அளந்துகொண்டிருக்கும். இரைச்சல் விழுந்தால் ஆள் வந்துவிட்டார் என்று பொருள். உடனே ஒலிபெருக்கியைத் திறக்கும். கப்பல் ரேடியோவில் 16ஆம் சேனலை, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸை வைத்துவிட்டு இந்த ஸ்குவெல்ச் திருகை மெல்லத் திருப்புவேன். இரைச்சல் அறுகிற இடத்தில் விரல் நிற்க வேண்டும். அதற்கு மேல் மயிரிழை போனாலும் தூரத்துக் கப்பலின் குரல் உள்ளே வராது. ஸ்கேனர் வாங்குகிறவர்கள் முதல் வாரத்தில் செய்யும் பெரிய தவறு, இரைச்சல் பிடிக்காமல் இதை முழுக்கத் திருகிவிட்டு "ஒன்றுமே கேட்கவில்லை" என்பது.

இதுவரை சொன்னது பழைய உலகம்: ஒரு பிரிவுக்கு ஓர் அலைவரிசை, ஓர் எண்ணைப் போட்டால் குரல் வரும். பெரிய ஊர்களில் இப்போது கதை வேறு.

உணவங்காடி நிலையத்தையும் பலதுறை மருந்தகத்தையும் நினைத்துப் பாருங்கள். உணவங்காடியில் கடைக்கு ஒரு வரிசை. பரோட்டாக் கடையில் இருபது பேர் நிற்க, பக்கத்துக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். மருந்தகத்தில் அப்படியில்லை. உங்களுக்கு ஓர் எண் தருவார்கள். எந்த முகப்பு காலியோ, அங்கே வரச்சொல்லித் திரை காட்டும். நகரத்து வானொலிக் கட்டமைப்புகளும் இந்த மருந்தக முறைக்கு மாறிவிட்டன. இதை டிரங்கிங் என்கிறார்கள். தீயணைப்புக் குழுவுக்கு ஓர் எண், ஆம்புலன்சுக்கு ஓர் எண், அது டாக்குரூப். முகப்புகள்தாம் அலைவரிசைகள். திரை என்பது இடைவிடாமல் தரவை மட்டும் அனுப்பும் கட்டுப்பாட்டுச் சேனல்: "இந்த எண்ணுக்காரர்கள் இப்போது அந்த அலைவரிசைக்குப் போகவும்."

சாதாரண ஸ்கேனரால் அந்தத் திரையைப் படிக்க முடியாது. தீயணைப்பாளர் கேட்ட கேள்வி ஒரு முகப்பில் காதில் விழும், பதில் வேறொரு முகப்புக்குப் போயிருக்கும். நடுவில் குப்பை வண்டி ஓட்டுநர் எங்கிருந்தோ பேசுவார். டிரங்கிங் தெரிந்த ஸ்கேனர் கட்டுப்பாட்டுச் சேனலைப் படித்துக்கொண்டே, நாம் குறித்த எண்ணைப் பின்தொடர்ந்து அலைவரிசைக்கு அலைவரிசை தாவும். விலை ஏறுவதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் டிஜிட்டல். அமெரிக்காவில் அவசர சேவைகள் பரவலாகப் பயன்படுத்தும் முறை பி25. அதன் முதல் கட்ட வடிவத்தில் நொடிக்கு 9,600 பிட் போகிறது. அதில் உண்மையான குரலுக்கு 4,400 மட்டுமே. 2,800 பிட், வழியில் சிதைந்ததைச் சரிசெய்வதற்கு. மிச்சம் நிர்வாகத் தகவல். பழைய எஃப்எம்மில் தூரம் கூடக் கூட இரைச்சல் கூடும், ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ஆள் பேசுவது புரியும். டிஜிட்டலில் திருத்தும் பிட்டுகள் தாங்கும்வரை குரல் துல்லியமாக இருக்கும். தாங்காத இடத்தில் ஒரேயடியாக உடைந்துபோகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கோபுரத்துக்கு அருகிலேயே வீடு, விலையுயர்ந்த ஸ்கேனர், திரையில் சிக்னல் முழுசாக நிற்கிறது. ஆனால் குரல் வாயில் தண்ணீர் வைத்துப் பேசுவதுபோலத் துண்டு துண்டாக வருகிறது. கருவி பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உண்மையில் அங்கே சிக்னல் அதிகம். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒரே பேச்சை அனுப்பும் சிமுல்காஸ்ட் முறை அது. கணக்கைப் பாருங்கள். பி25ல் இரண்டு பிட் சேர்ந்து ஒரு குறியீடாகப் போகிறது, ஆக நொடிக்கு 4,800 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 208 மைக்ரோநொடி. ஒரு கோபுரம் இன்னொன்றைவிட 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், அதன் அலை 50 மைக்ரோநொடி பிந்தி வரும். ஒரு குறியீட்டில் கால்வாசி இன்னொன்றின் மேல் ஏறிவிடுகிறது. மலையடிவாரத்தில் நின்று கத்தினால் எதிரொலி நம் சொல்லையே விழுங்குமே, அதுபோல. சேவைக்காரர்களின் சொந்த ரேடியோக்கள் இதைச் சமாளிக்கும் விதமாகச் செய்யப்பட்டவை. பழைய ஸ்கேனர்கள் அப்படியில்லை. 2018ல் யூனிடன் நிறுவனம் கொண்டுவந்த எஸ்டிஎஸ்100, அலையின் வீச்சையும், அது தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே அளந்து இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. விலையும் அதற்கேற்ப, எளிய ஸ்கேனரைப் போலப் பல மடங்கு.

மூன்றாவது கதவை எந்தக் காசாலும் திறக்க முடியாது. மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த பேச்சைச் சாவி இல்லாத ஸ்கேனரில் கேட்க முடியாது. "எல்லாவற்றையும் திறக்கும்" என்று யாராவது விற்றால் அது பொய். நியூயார்க் காவல்துறையே 2023ல் தன் வானொலிப் பேச்சை மறையாக்கத்துக்கு மாற்றத் தொடங்கியது. விபத்தில் சிக்கியவரின் பெயரும் முகவரியும் திறந்த வெளியில் ஒலிக்கக் கூடாது என்பதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். காட்டுத்தீயின் திசை மட்டும் ஊர்க்காரர் காதில் விழவேண்டும் என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே ரேடியோவில் போவதுதான் சிக்கல்.

ஆகவே அண்ணன் மகளிடம் சொன்னேன்: கடைப் பக்கத்தைத் திறக்காதே. உன் வட்டாரத்தில் யார், எந்த முறையில், எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள் என்று முதலில் எழுதி வை. அவள் கேட்க விரும்புவது காட்டுத்தீயை. மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர், 151 மெகாஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் பழைய பாணி எஃப்எம்மில்தான் பேசுகிறது. மலையும் பள்ளத்தாக்குமாக உள்ள இடத்தில், குரல் தேய்ந்தாலும் புரிகிற அந்த முறைக்கு இன்னும் மதிப்பு உண்டு. அதற்கு யூனிடன் பிசி125ஏடி போன்ற எளிய கருவி போதும். 500 சேனல், இரண்டு ஏஏ பேட்டரி. டிரங்கிங் கிடையாது, டிஜிட்டல் கிடையாது, 512 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் காதும் கிடையாது. நகரக் காவல்துறையைக் கேட்பதுதான் ஆசை என்றால் இது வெறும் பொம்மை. அவளுக்கோ இதுவே சரி. பலத்த காற்று வீசும் நாள்களில் அங்கே முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தையே நிறுத்திவிடுவார்கள். அப்போது மளிகைக் கடையில் கிடைக்கும் பேட்டரியில் ஓடும் கருவிதான் கைகொடுக்கும்.

பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்றாள். கவனம் என்றேன். 2013 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் இந்தப் பகுதிச் சேனல்களின் அகலத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். குறுகிய எஃப்எம் தெரியாத பழைய ஸ்கேனரில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சன்னமாகக் கேட்கும்.

பிறகு ஏரியல். கருவியோடு வரும் குட்டையான ரப்பர் குச்சி எல்லாவற்றுக்கும் பொதுவானது. அதாவது எதற்கும் முழுசாகப் பொருந்தாதது. ஒளியின் வேகத்தை அலைவரிசையால் வகுத்தால் அலைநீளம்; அதில் கால் பங்கு நல்ல ஏரியல். 151 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு இழுக்கக்கூடிய குச்சி ஒன்றை மாட்டிக்கொண்டு சன்னலோரம் நின்றால், இன்னும் இரண்டு பள்ளத்தாக்குக்கு அப்பால் இருப்பது காதில் விழக்கூடும். கூடுதல் காசு செலவழிக்க மனமிருந்தால் இதற்குச் செலவழி என்றேன்.

"வெளியேறச் சொல்லி ஆணை வந்தால் ஸ்கேனரைக் கேட்டுக்கொண்டு நிற்காதே" என்றும் சொன்னேன். அது முதலில் சொல்லியிருக்க வேண்டியது.

"அப்போ உங்க ஊர்ல என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கே அடுத்த புளோக்கில் தீயணைப்பு வண்டி நின்றால் எனக்கும் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் குடிமைத் தற்காப்புப் படை 2015ல் மைரெஸ்பாண்டர் என்ற செயலியைக் கொண்டுவந்தது. 995க்கு அழைப்பு வந்து, ஒருவருக்கு இதயத் துடிப்பு நின்றுவிட்டதாகத் தெரிந்தால், 400 மீட்டருக்குள் இருக்கும் பதிவு செய்தவர்களின் கைபேசிக்குச் செய்தி போகும். அருகில் எங்கே இதயமின்னதிர்ச்சிக் கருவி இருக்கிறது என்பதையும் காட்டும். பதிவு செய்து வைத்திருக்கிறேன். என் புளோக்கில் அது மின்தூக்கியின் அருகே சுவரில் இருக்கிறது; இருட்டிலும் கை அதற்குத் தானாகப் போகும்படி இரண்டு முறை படியிறங்கிப் பார்த்துவைத்திருக்கிறேன்.

சட்டத்துக்கு உட்பட்டு அலைகளோடு விளையாட ஆசையுள்ள இளையர்களுக்கு இங்கே அமெச்சூர் வானொலி உரிமம் இருக்கிறது. தேர்வு எழுதித் தேறினால் 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். கேட்பது மட்டுமில்லை, பேசவும் செய்யலாம். கணினியில் செருகும் சிறு ரேடியோக்களை இணையத்தில் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுமுன் ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள்.

மற்றபடி என் சமையலறை மேசை இழுப்பறையில் பேட்டரியில் ஓடும் சிறு எஃப்எம் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினத்தன்று மாலை 6.20க்குத் தீவெங்கும் அபாயச் சங்கு ஒலிக்கும். 1942ல் சிங்கப்பூர் சரணடைந்த நேரம் அது. அந்தச் சங்கின் பொருள், வானொலியைத் திற, முக்கியச் செய்தி வருகிறது என்பதுதான். அந்த நாளில் பெட்டியை வெளியே எடுத்துப் பேட்டரியை மாற்றுவேன். 96.8க்குக் கால் அலைநீளம் 77 சென்டிமீட்டர். அளவுநாடாவை வைத்து ஏரியலை அந்தக் குறிவரை இழுத்து, சங்கு ஓயும்வரை சன்னலோரம் பிடித்திருப்பேன்.