கடற்கரைக் கொடிகள் காட்டும் கடலடித் தரை

சிட்னி நகரின் போண்டை கடற்கரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பிறைவடிவ மணல்வெளி. அதன் தென்முனைக்கு அருகில், கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் ஒரு நீரோட்டம் பெரும்பாலான நாள்களில் காணப்படுகிறது. உள்ளூரில் அதற்கு ‘பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். முதுகுப்பையோடு பேருந்திலிருந்து இறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் நேராக நடந்துவந்து, அலை குறைவாகத் தெரியும் அந்த இடத்திலேயே நீரில் இறங்கிவிடுவதால் ஏற்பட்ட பெயர் அது. அவர்களைக் குறை கூற முடியாது. இருபுறமும் அலைகள் வெண்ணுரையோடு உடைந்து புரள, நடுவில் கருத்த, அமைதியான ஒரு பட்டை தெரிந்தால், கடலை அறியாத எவரும் அதைத்தான் பாதுகாப்பான இடம் எனத் தேர்ந்தெடுப்பர். சில நூறு மீட்டர் தள்ளி, சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடையே, நுரைத்துப் புரளும் அலைகளுக்குள் கூட்டம் குளித்துக்கொண்டிருக்கும். கொடிகள் ஏன் அந்த ஆரவாரமான இடத்தில் நடப்பட்டன என்பதற்கான விடை நீருக்கடியில் உள்ள மணலில் இருக்கிறது.

அலை கரையை நெருங்குகையில், நீரின் ஆழம் குறையக் குறைய அதன் வேகம் தணிந்து உயரம் கூடுகிறது. பொதுவாக, நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடைகிறது. அதாவது, ஒரு மீட்டர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். ஆகவே வெண்ணுரை எழும் இடமெல்லாம் ஆழம் குறைந்த இடம், அலை உடையாமல் கடந்துபோகும் இடமெல்லாம் ஆழம் மிகுந்த இடம் என்று கொள்ளலாம். கரைக்கு இணையாகக் கடலடியில் மணல்திட்டுகள் உருவாவதும், அவற்றை ஆங்காங்கே ஆழமான பள்ளங்கள் குறுக்கே வெட்டிச் செல்வதும் அலை மிகுந்த கடற்கரைகளின் இயல்பு. அமைதியாகத் தெரியும் அந்தக் கருத்த பட்டை இத்தகைய ஒரு பள்ளம்தான்.

உடையும் ஒவ்வோர் அலையும் தன்னோடு நீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. இதனால் மணல்திட்டுக்கும் கரைக்கும் இடையே உள்ள நீர்மட்டம் சற்றே உயர்கிறது. இவ்வுயர்வு அலைகள் பலமாக உடையும் திட்டுக்குப் பின்னால் கூடுதலாகவும், அலை உடையாத பள்ளத்தருகே குறைவாகவும் இருக்கும். தேங்கிய வயல்நீர் வரப்பில் வெட்டப்பட்ட மடையை நாடுவதுபோல, இந்த நீர் கரையோரமாகப் பக்கவாட்டில் ஓடிப் பள்ளத்தை அடைந்து, அதன் வழியே கடலுக்குத் திரும்புகிறது. இதுவே ‘ரிப் கரண்ட்’ எனப்படும் இழுப்பு நீரோட்டம். அமெரிக்கக் கடலியலாளர் பிரான்சிஸ் ஷெப்பர்ட் 1936இல் இந்தப் பெயரை முன்வைத்தார். அலைகள் தம்மோடு கொண்டுவரும் உந்தம் எவ்வாறு நீர்மட்டத்தை மாற்றுகிறது என்ற கணிதம் 1960களில் லாங்கே-ஹிக்கின்ஸ், ஸ்டூவர்ட் ஆகியோரால் வகுக்கப்பட்டது. நீரோட்டத்தின் வேகம் வழக்கமாக நொடிக்கு 0.3 முதல் 0.6 மீட்டர் வரை இருக்கும். எனினும் நொடிக்கு இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட வேகங்கள் அளக்கப்பட்டுள்ளன. அந்த வேகத்தை எதிர்த்து ஒலிம்பிக் வீரராலும் தொடர்ந்து நீந்த இயலாது. இந்நீரோட்டம் மனிதரை அடியில் இழுத்து அமிழ்த்துவதில்லை. கரையிலிருந்து அப்பால் கொண்டுசெல்கிறது. கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துபோவதே பெரும்பாலும் மரணத்தில் முடிகிறது.

உயிர்காப்பாளர் காலையில் கொடி நடும் முன் செய்வது இந்தத் தரையை அலைகளின் வழியே வாசிப்பதுதான். எங்கே திட்டு தொடர்ச்சியாக இருக்கிறது, எங்கே பள்ளம் வெட்டியிருக்கிறது, பாறைகளுக்கும் தடுப்புச் சுவர்களுக்கும் அருகே நீர் எப்பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, தமது கண்காணிப்புக்குள் அடங்கும் ஒரு பகுதியை இரு கொடிகளால் அவர் எல்லை வகுக்கிறார். ஆனால், அந்த வாசிப்பு நாள் முழுதும் செல்லுபடியாவதில்லை. கடல்மட்டம் தாழும் வற்றின்போது திட்டுகளின்மேல் நீர் குறைந்து, திரும்பும் நீர் முழுவதும் பள்ளங்களுக்குள் ஒடுங்குவதால் இழுப்பு பொதுவாக வலுக்கிறது. எனவே பிற்பகலில் கொடிகள் இடம் மாறியிருப்பதைக் காணலாம். காலையில் குளித்த இடத்துக்கே மாலையில் திரும்பும் பயணி, கொடி அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மணல்திட்டில் நிற்பவருக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதற்குப் போண்டையிலேயே சான்று உண்டு. 1938 பிப்ரவரி 6 அன்று, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திட்டின்மேல் நின்று குளித்துக்கொண்டிருந்தபோது, பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து மோதின. நீர் திரும்பிய வேகத்தில் நூற்றுக்கணக்கானோர் பள்ளத்துக்குள் அடித்துச் செல்லப்பட்டனர். சுமார் 250 பேர் மீட்கப்பட்டனர். 5 பேர் இறந்தனர். மீட்கப்பட்டோரின் எண்ணிக்கைக்கு ஒரே காரணம், அன்று கரையில் உயிர்காப்பாளர்கள் திரளாக இருந்ததுதான். கொடிகளுக்கு இடையே குளிப்பதன் பொருள் அங்கே ஆபத்து இல்லை என்பதன்று; ஆபத்து நேர்ந்தால் உடனே கவனிக்கும் கண்கள் உண்டு என்பதே.

கொடிகளின் நிறத்துக்கும் வடிவத்துக்கும் 2007இல் ஐஎஸ்ஓ 20712 என்ற பன்னாட்டுத் தரத்தின் இரண்டாம் பகுதி வெளிவந்தது. மேல்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமான கொடி, உயிர்காப்பாளர் கண்காணிக்கும் குளிக்கும் பகுதியைக் குறிக்கும். முழுச் சிவப்பு கடுமையான ஆபத்தை உணர்த்தும். நீரில் இறங்கக் கூடாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். மஞ்சள் நடுத்தர ஆபத்துக்கும், ஊதா உடலைக் கொட்டும் சொறி மீன் போன்ற உயிரினங்களுக்கும் உரியவை. கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கட்டங்கள் கொண்ட கொடி அலைச்சறுக்குப் பலகைகளுக்கும் சிறு கலங்களுக்கும் ஒதுக்கிய பகுதியைக் காட்டுகிறது. பலகையின் விளிம்பு தலையில் மோதினால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் நீந்துவோர் அங்கே ஏன் நுழையக் கூடாது என்பது விளங்கும்.

இவற்றுள் பயணிகள் மிகக் குறைவாகப் பொருட்படுத்துவது ஆரஞ்சு நிறக் காற்றுப்பை. கம்பத்தில் கட்டிய அந்தத் துணிக்குழாய் விமான நிலையத்தை நினைவூட்டுமேயன்றி ஆபத்தை நினைவூட்டாது. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது அது ஏற்றப்படுகிறது. காற்று அலையை எழுப்ப வேண்டுமானால் நீரின்மேல் நெடுந்தூரம் வீசியாக வேண்டும். கரையிலிருந்து புறப்படும் காற்றுக்குக் கரையருகே அந்தத் தூரம் கிடைப்பதில்லை. ஆகையால் கரையோர நீர் கண்ணாடிபோல் தட்டையாகத் தெரிய, அதே காற்று ரப்பர் மிதவையின் பக்கத்தில் பாய்மரத்தில் மோதுவதுபோல் மோதி, அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். மிதவையின் பெரும்பகுதி நீருக்குமேல் இருப்பதால், பின்தொடர்ந்து நீந்துபவரைவிட அது விரைவாக நகரும். மிதவையைத் துரத்திச் செல்வதைவிட அதை இழப்பதே மேல்.

பன்னாட்டுத் தரம் இருந்தும் கொடிகளின் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. விடுமுறைப் பயணிக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. போர்த்துகலில் மஞ்சள் கொடி பறந்தால் நீரில் இறங்கலாம், நீந்தக் கூடாது. அங்கே நீலமும் வெள்ளையுமான கட்டக் கொடி, உயிர்காப்பாளர் தற்காலிகமாக இல்லை என்பதைக் குறிக்கிறது. பிரிட்டனின் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடியோடு அதைக் குழப்பிக்கொள்வது மிக எளிது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒற்றைச் சிவப்பு கடும் ஆபத்தை மட்டும் குறிக்க, ஒன்றின்கீழ் ஒன்றாகப் பறக்கும் இரட்டைச் சிவப்பே கடல் மூடப்பட்டதை அறிவிக்கிறது. அதை மீறி இறங்குவோருக்கு அபராதம் உண்டு. அங்குள்ள பச்சைக் கொடியும் ஆபத்து குறைவு என்று சொல்கிறதே தவிர, ஆபத்து இல்லை என்று சொல்வதில்லை.

நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது நீலக் கொடியை. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021இல் ‘புளூ ஃபிளாக்’ சான்று பெற்றன. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை வழங்கும் அச்சான்று, நீரின் தூய்மை, கழிவு மேலாண்மை, வசதிகள், பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றை மதிப்பிட்டுத் தரப்படுவது. இன்றைய அலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நீலக் கொடி பறக்கும் கடற்கரையிலேயே அதே நேரத்தில் சிவப்புக் கொடியும் பறக்கக்கூடும்.

நிறத்தை மட்டும் நம்புவதில் இன்னொரு குறையும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வைக் குறைபாடு, வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது. இரட்டைக் கொடி, பாதிப்பாதிப் பிரிவு, கட்டங்கள் ஆகியவை நிறத்தின் துணையின்றியே அடையாளம் காணத்தக்கவை என்பதால் அவை இவர்களுக்கு உதவுகின்றன. ஜப்பான் 2020இல் சுனாமி எச்சரிக்கைக்காகச் சிவப்பு வெள்ளைக் கட்டக் கொடியை ஏற்றது. ஒலிபெருக்கியைக் கேட்க இயலாத செவித்திறன் குறைந்தோரும், அலையோசைக்கு நடுவே நீந்துவோரும் அதைக் கண்டு கரையேறலாம்.

கொடியைப் பார்த்தும் பாராமலும் இழுப்பில் சிக்கிக்கொண்டவர் என்ன செய்வது என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கரைக்கு இணையாக நீந்தி வெளியேறுக என்பது பழைய அறிவுரை. ஜேமி மக்மஹன் முதலிய ஆய்வாளர்கள், இடங்காட்டிக் கருவி பொருத்திய மிதவைகளை இந்நீரோட்டங்களில் விட்டுக் கண்காணித்தபோது, அவற்றில் பெரும்பான்மை கடலுக்குள் போய்விடாமல், சுழன்று மீண்டும் ஆழம் குறைந்த திட்டுப்பக்கமே வந்து சேர்ந்தன. அப்படியானால் மிதந்துகொண்டிருந்தாலே போதும் என்று தோன்றும். ஆனால் அந்தச் சுழற்சி எல்லாக் கடற்கரைக்கும் எல்லா நாளுக்கும் பொருந்துவதில்லை. சுழலுக்கு எதிர்ப்பக்கமாக இணையாக நீந்தினாலும் சக்தி வீணாகும். எனவே முதலில் பதற்றப்படாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கி, கையை உயர்த்தி உதவி கேட்பதும், பலம் இருந்தால் அலைகள் வெண்ணுரையாக உடையும் பக்கம் நோக்கி நகர்வதுமே எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கேதான் கால் ஊன்றத் திட்டு இருக்கிறது.

தமிழகக் கடற்கரையின் பெரும்பகுதியில் இத்தகைய கொடிகள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் 2024 மே 6 அன்று மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்கள் உருவாக்கும் நீண்ட அலைகள் பல நாள்கள் பயணம் செய்து, உள்ளூரில் காற்றோ மேகமோ இல்லாத வேளையிலும் கரையில் மோதுவதே கள்ளக்கடல். அவை பெரும்பாலும் கூட்டமாக வருகின்றன. இரண்டு கூட்டங்களுக்கு இடையே கடல் பல நிமிடங்கள் தணிந்திருக்கும். ஆகவே கொடியற்ற கரையில் உயரமான இடத்தில் நின்று குறைந்தது கால் மணி நேரம் கடலைப் பார்ப்பதும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் அன்றைக்கு விடுத்துள்ள அலை எச்சரிக்கையைக் கைப்பேசியில் தேடிப் பார்ப்பதும், எச்சரிக்கை இருந்தால் முழங்காலளவு நீருக்குக்கூட இறங்காதிருப்பதும் அவசியம்.