லோ சுகர்: இதயத்துக்கு விழும் அடி

சர்க்கரை 300 என்றால் பதறுகிறவர்கள், 55 என்றால் ஒரு மிட்டாயோடு மறந்துவிடுகிறார்கள். இதய நோயும் உள்ளவர்களுக்கு அந்த 55 அன்றைக்கே ஆபத்தாகலாம்.

ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது உடல் அட்ரினலினைக் கொட்டுகிறது. கை நடுக்கம், படபடப்பு எல்லாம் அதனால்தான். இதயம் வேகமாகத் துடிக்கும், அதற்கு ரத்தமும் கூடுதலாக வேண்டும். ஏற்கெனவே அடைப்புள்ள இதய ரத்தக் குழாயால் அதைக் கொடுக்க முடியாமல் நெஞ்சுவலி வரலாம். ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடுவதால் ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் மின்னளவில் தூண்டப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) நீண்டு, துடிப்பு தாறுமாறாகலாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். குழாயின் உட்சுவர் விரிந்துகொடுக்கும் திறன் குறையும்.

தூக்கத்தில் வரும் லோ சுகர்தான் மருத்துவர்களான எங்களுக்கு அதிகக் கவலை. தலையணை நனையும் வியர்வை, கெட்ட கனவு, காலையில் தலைவலி இருந்தால் இரவு 3 மணிக்கு ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் (அட்ரினலினின் வேகத்தைத் தடுக்கும் இதய மருந்து) சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை (ஹெச்பிஏ1சி) 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால், 2008-ல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். லோ சுகர்தான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் வயதான இதய நோயாளிக்கு 6-ஐத் துரத்த வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, பலருக்கு 7.5 முதல் 8 வரை போதும்.

சர்க்கரை இறங்கினால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. சாக்லேட்டிலும் கிரீம் பிஸ்கட்டிலும் உள்ள கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரைகூட உடனே உதவாது, ஏனென்றால் அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களின் உடலில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை நெடுநேரம் தங்கும். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கும் என்பதால்தான் அவர்களை மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கிறோம்.

இன்சுலின் போடுகிறவர்கள் சிரிஞ்சையும் பாருங்கள். ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தை, ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட்.