அன்கோடிஃபைடு சட்டம்: எழுதாததா, கோக்காததா?

அமெரிக்க மாநிலச் சட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'அன்கோடிஃபைடு லா' என்பதை 'எழுதப்படாத சட்டம்' என்று போட்டுவிடத் தோன்றும். அது தப்பு. அச்சேறி, அட்டை கட்டி, சட்ட நூலக அலமாரியில் கனமாக உட்கார்ந்திருக்கிற சட்டம் அது.

இதிலுள்ள 'கோட்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'காடெக்ஸ்' என்றால் அடிமரம். மெழுகு பூசிய பலகைகளில் எழுதி அடுக்கிக் கட்டினார்கள். அந்தக் கட்டின் பெயர் 'கோடெக்ஸ்' ஆகி, அப்புறம் புத்தகத்துக்கும் சட்டநூலுக்கும் வந்து சேர்ந்தது. பனையோலைக்குரிய 'ஏடு' புத்தகத்துக்கு வந்த அதே வழிதான். 'கோடிஃபை' என்ற வினையைப் புழக்கத்தில் விட்டவர் ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம். ('கோட்' என்பதைக் 'கோடு' என்றே எழுதினால், ஸ்கேல் வைத்துப் போடுகிற கோடு நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது.)

மாநிலச் சட்டமன்றம் ஒரு கூட்டத்தொடரில் இயற்றியதெல்லாம் வரிசை எண்ணோடு ஒரு தொகுதியாக அச்சாகும். இவை 'செஷன் லாஸ்', கூட்டத்தொடர்ச் சட்டங்கள். மீன்பிடி உரிமத்துக்கு அடுத்த பக்கத்திலேயே சிறைச்சாலைக் கட்டடம் வரலாம். இவற்றில் பொதுவானதையும் நிரந்தரமானதையும் பொறுக்கி, ரத்தானதை நீக்கி, பொருள்வாரியாக அடுக்கினால் அது 'கோட்'. வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்ட் நியூயார்க்குக்காக வரைந்த 'சிவில் கோட்' என்ற உரிமையியல் சட்ட அடுக்கை நியூயார்க் கடைசிவரை ஏற்கவில்லை. கலிஃபோர்னியா 1872-இல் எடுத்துக்கொண்டது.

அடுக்கில் சேராமல் வெளியே நிற்பவை ஏராளம்: நிதி ஒதுக்கீடு, ஒரே ஊருக்கான சட்டம், அமலுக்கு வரும் தேதி. வெளியே நிற்பதால் செல்லாது என்று நினைத்துவிடக் கூடாது. நியூயார்க்கின் 1974-ஆம் ஆண்டு வாடகைதாரர் அவசரப் பாதுகாப்புச் சட்டம் அப்படி வெளியே நிற்பதுதான். கூட்டாட்சி அளவில் இன்னும் வேடிக்கை. சிற்றூர்களில் தேசிய வங்கிகள் காப்பீடு விற்க அனுமதித்த 1916-ஆம் ஆண்டு விதி ரத்தாகிவிட்டதென்று கருதி, கூட்டாட்சிச் சட்டங்களுக்கான 'கோட்'டின் 1952 பதிப்பில் விட்டுவிட்டார்கள். மூலச் சட்டத்தில் மேற்கோள்குறி இடம் மாறி விழுந்ததே குழப்பத்துக்குக் காரணம், விதி உயிரோடுதான் இருக்கிறது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

சரி, தமிழில்? 'தொகுப்பு' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தொகை நூல் தனித்தனிப் பாடல்களைச் சேர்த்து வைப்பது. அது கூட்டத்தொடர்த் தொகுதிக்குத்தான் பொருந்தும். கோவை என்ற சிற்றிலக்கியத்திலோ பாடல்கள் ஓர் ஒழுங்கில் கோக்கப்பட்டிருக்கும். இலங்கைத் தமிழில் 'தண்டனைச் சட்டக்கோவை' என்று எப்போதோ சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆக, கோட் என்றால் சட்டக்கோவை. அன்கோடிஃபைடு என்றால் கோவையில் சேராத சட்டம்.

அப்படிப்பட்டதைத் தேட முகவரி வேண்டும். மேலே சொன்ன நியூயார்க் சட்டத்தின் முகவரி '1974, அத்தியாயம் 576, பிரிவு 4'. 1974-ஆம் ஆண்டுத் தொகுதியை எடுத்து 576-ஆம் அத்தியாயத்துக்குப் போக வேண்டும். இங்கே 'அத்தியாயம்' என்பது ஒரு முழுச் சட்டம், புத்தகத்தின் பகுதி அல்ல. கோவையில் சேர்ந்த பிரிவென்றால் அடிக்குறிப்பிலேயே இந்த எண் இருக்கும். எண் தெரியாதவர் தொகுதியின் பொருளகராதியைத்தான் நம்ப வேண்டும், அதுவும் அந்தக் காலச் சொல்லில். 19-ஆம் நூற்றாண்டுத் தொகுதியில் 'சமூக நலம்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. 'ஏழைகள்' என்ற தலைப்பில் பாருங்கள்.